பத்தடி தூரம்: நந்தன், ரோஸி, நம் ஊர்ப் பிள்ளைகள்

ஏப்ரல் மாதம் ஒரு காலை. காரைக்கால் மாவட்டத்தில் நெடுங்காடு பக்கம் ஒரு தெருவிலிருந்து கல்லூரிக்குப் போகும் தம்பி ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். சென்னையில் நடந்த பி.கே. ரோஸி திரைப்பட விழாவுக்குப் போய்விட்டு இரவு வண்டியில் திரும்பியிருந்தான். குரலில் இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

"அண்ணே, பத்தடி தூரந்தான் இருக்கும். அவரு வந்து சாதாரணமா நாற்காலிய இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரு. என்னையப் பார்த்து சிரிச்சாருண்ணே."

யார் அந்த நடிகர் என்பது இங்கே முக்கியமில்லை. பள்ளிக்கூட நோட்டின் உள் அட்டையில் அவன் ஒட்டி வைத்திருந்த முகம் என்பது போதும். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "வாசிப்பு வட்டத்துல சொன்னேன். சிரிக்கிறாங்கண்ணே. அம்பேத்கர் படிக்கிறவன் நடிகர் பின்னால ஓடலாமான்னு கேக்குறாங்க. தப்பாண்ணே?"

தொலைபேசியில் ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பத்தடி தூரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நம் காரைக்காலுக்கும் பங்கு இருக்கிறது. அவனைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் சேர்த்து அதை இங்கே எழுதுகிறேன்.

பார்க்கக் கேட்டவன்

ஒருவரை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசையை மையமாக வைத்து நம் டெல்டாவில் பிறந்த மிகப் பெரிய கதை நந்தன் கதை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்ற பெயரில் எழுதியது. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுப்பவர். அவர் கொடுக்கும் தோல் கோயிலுக்குள் போகும், அவர் போக முடியாது. வைத்தீஸ்வரன்கோவில் பக்கத்தில் இருக்கும் திருப்புன்கூருக்குப் போகிறார். வாசலுக்கு வெளியே நின்று பார்த்தால் நந்தி மறைக்கிறது. சாமி நந்தியை விலகச் சொன்னது என்பது கதை. இன்றைக்கும் அங்கே நந்தி சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். நந்தி விலகியது, வாசல் விலகவில்லை. நந்தன் நின்ற இடத்திலேயே நின்றார். பார்வைக்கு வழி கிடைத்தது, காலுக்குக் கிடைக்கவில்லை. கால் வைக்க வேண்டும் என்று தில்லைக்குப் போனபோது அவர் கொடுக்க வேண்டியிருந்த விலை நெருப்பு.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதையை எடுத்து நந்தன் சரித்திரக் கீர்த்தனை ஆக்கினார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தை அவர் சேர்த்தார். அவர்தான் பண்ணைக்காரர், வேதியர். நந்தன் இப்போது பண்ணையாள். சிதம்பரம் போக அனுமதி கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தையும் பயிராக்கி முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. சாமியைப் பார்க்க ஆசைப்பட்டவன் முதலில் ஆண்டையிடம் விடுப்பு வாங்க வேண்டும் என்று சொன்ன இடத்தில்தான் அந்தப் பக்திக் கதைக்குள் தஞ்சை டெல்டா நுழைந்தது. எழுதியவரின் நோக்கம் பக்தியாக இருந்தாலும் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்தது நம் பாட்டன்களின் வாழ்க்கை.

அந்த நூல் அச்சேற உதவியது எந்த ஊர் தெரியுமா? காரைக்கால். இங்கே அதிகாரியாக இருந்த சீசே என்ற பிரெஞ்சுக்காரர் கீர்த்தனைகளில் மயங்கி அதை அச்சிட உதவினார் என்பதை உ.வே. சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். 1860-களின் தொடக்கம் அது.

அதே ஆண்டுகளில் காரைக்கால் துறைமுகத்தில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் ஏற்றினார்கள். அடிமை முறையை 1848-இல் பிரான்ஸ் ஒழித்த பிறகு அந்த வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. டெல்டாவின் பண்ணையாட்கள் பலர் அப்படிக் கடல் கடந்தார்கள். ஒரே ஊர். ஒரு பக்கம் பிரெஞ்சு அதிகாரி பண்ணையாளின் கண்ணீரைப் பாட்டாகக் கேட்டு ரசிக்கிறார். இன்னொரு பக்கம் பிரெஞ்சுக் கப்பல் பண்ணையாளை ஏற்றிக்கொண்டு போகிறது. நந்தனைக் கேட்டு உருகியவர்கள் நந்தன்களைப் பார்க்கவில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சினிமாவிலும் இதே விஷயம் வரும்.

ஒரு லட்சம் ரூபாய் நந்தன்

தமிழ் சினிமா பேசத் தொடங்கியது 1931-இல். 1935-இல் 'பக்த நந்தனார்' வந்தது. நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். அவருக்குக் கொடுத்த சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைக்கு நாட்டையே வாய் பிளக்க வைத்த தொகை அது. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1942-இல் ஜெமினியின் 'நந்தனார்' வந்தபோது நந்தனாக நடித்தவர் எம்.எம். தண்டபாணி தேசிகர். நமக்குப் பக்கத்தில் இருக்கும் திருச்செங்காட்டங்குடியில் பிறந்தவர், தேவாரம் பாடும் ஓதுவார் மரபிலிருந்து வந்தவர்.

இருவரும் பெரிய கலைஞர்கள். அவர்கள் குரலைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். தமிழ் சினிமாவின் முதல் பெரும் சம்பளங்களில் ஒன்று, கோயிலுக்குள் போக முடியாத ஒரு புலையனின் வேடத்துக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வேடத்துக்குப் புலைப்பாடியிலிருந்து ஆள் எடுக்கலாம் என்ற யோசனை யாருக்கும் வரவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்ததே 1939 ஜூலை 8-ஆம் தேதிதான். அதாவது 1935-இல் படம் பார்த்தவர் திரையில் நந்தனுக்காக அழுதுவிட்டு வெளியே வந்தால், ஊர்க் கோயில் வாசலில் உண்மையான நந்தன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

தரை டிக்கெட்

இதற்காகக் கொட்டகையை வெறுக்க வேண்டுமா? இல்லை. கொட்டகையின் கதை கொஞ்சம் சிக்கலானது.

பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-இல் தமிழ்ச் சினிமாவையும் அரசியலையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் சொன்ன ஒரு கருத்து பலராலும் எடுத்தாளப்படுவது. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கலை பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை. அங்கே ஒருவர் எங்கே உட்காருவார் என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, அவர் கையிலிருந்த காசு தீர்மானித்தது என்பது அவர் வாதம்.

கோயில் மண்டபத்தில் கச்சேரி நடந்தால் நாம் தெருவில் நிற்க வேண்டும். ஊர்த் திடலில் கூத்து நடந்தால் ஒரு ஓரம்தான் நமக்கு. டூரிங் கொட்டகையில் காசைக் கொடுத்தால் டிக்கெட். மணல் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்க்கும் தரை டிக்கெட். ஆண்டைக்கு நாற்காலி, நமக்குத் தரை என்பது அங்கேயும் பெரும்பாலும் மாறவில்லைதான், ஏனென்றால் காசு யாரிடம் இருந்தது என்பதைச் சாதி முன்னமே முடிவு செய்திருந்தது. ஆனாலும் திரைக்கு மிக அருகில் உட்கார்ந்தவர்கள் நாம். பண்ணை வீட்டின் திண்ணையைத் தொட முடியாதவர் கதாநாயகனின் முகத்தை எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். விளக்கை அணைத்த பிறகு யார் யாரைத் தொடுகிறார்கள் என்று பார்க்க முடியாது. நம் ஆட்களுக்கு நடிகர்கள் மேல் இருந்த பாசத்தை அறியாமை என்று கிண்டல் செய்பவர்கள் இதை யோசிப்பதில்லை. கண் கூசாமல், தலை குனியாமல், ஒருவரை நிமிர்ந்து பார்க்கலாம் என்ற உரிமையை முதலில் கொடுத்த இடத்தின் மேல் பாசம் வராதா?

தன் படத்தைப் பார்க்க முடியாத நடிகை

தம்பி போன விழாவுக்கு ஒரு பெண்ணின் பெயர் வைத்திருக்கிறார்கள். பி.கே. ரோஸி. அவர் கதை தெரியாமல் அந்த விழாவுக்குப் போனால் பாதிதான் போனதாக அர்த்தம்.

திருவனந்தபுரத்தில் புலையர் சமூகத்தில் பிறந்தவர் ரோஸி. புல் அறுத்து விற்று வாழ்ந்த குடும்பம். காக்கரிசி நாடகம் என்ற நாட்டார் கலையில் நடித்து வந்தார். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் என்பவர் சொத்தை விற்று மலையாளத்தின் முதல் படத்தை எடுத்தார். பேசாப் படம், 'விகதகுமாரன்'. அதில் கதாநாயகி ரோஸி. அவர் ஏற்ற வேடம் சரோஜினி என்ற நாயர் பெண்.

திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் முதல் காட்சி. 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்கு சொல்கிறார்கள். கதாநாயகி வந்தால் நாங்கள் உட்கார மாட்டோம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னதாகவும், அதனால் ரோஸி உள்ளே அனுமதிக்கப்படவில்லை என்றும் பதிவுகள் சொல்கின்றன. தான் நடித்த படத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் திரையில் அவர் தெரிந்ததே போதுமானதாக இருந்தது. கதாநாயகன் அவர் கூந்தல் பூவைத் தொட்டு முத்தமிடும் காட்சி வந்தபோது கல் எறிந்தார்கள். திரை கிழிந்தது. பிறகு கூட்டம் அவரைத் தேடிப் போனது. வீட்டுக்குத் தீ வைத்தார்கள்.

ரோஸி உயிர் தப்ப ஓடினார். சாலையில் வந்த ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் பக்கம் வந்து சேர்ந்தார். லாரியை ஓட்டியவர் கேசவ பிள்ளை. அவரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் தமிழ்நாட்டில் வாழ்ந்து முடித்தார். மறுபடியும் நடிக்கவில்லை. படத்தின் பிரதியும் இன்று இல்லை. குன்னுக்குழி எஸ். மணி போன்ற சிலர் விடாமல் தேடி எழுதியிருக்காவிட்டால் பெயரும் போயிருக்கும். 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி, அவர் பிறந்த நாளில், கூகுள் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்து வைத்தது. அவரை விரட்டிய நகரத்திலும் அன்று கைப்பேசியைத் திறந்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

இப்போது நந்தனையும் ரோஸியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புலையன் வேடத்தில் மற்றவர் நடித்தால் ஒரு லட்சம் ரூபாய், கண்ணீர், கைத்தட்டல். நாயர் வேடத்தில் புலையப் பெண் நடித்தால் கல், தீ, தலைமறைவு. இரண்டுக்கும் இடையில் பத்து வருடம்கூட இல்லை. வேடம் போடுவதுதான் நடிப்பு என்றால் இருவரும் செய்தது ஒரே வேலை. ஆனால் கீழே இறங்கிக் காட்டும் வேடத்துக்குத் தடையில்லை, மேலே ஏறிக் காட்டும் வேடத்தைத்தான் அந்தக் கூட்டம் பொறுக்கவில்லை.

நடிகரை நேரில் பார்ப்பது பற்றிய நம் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது தோழர்களே. நம் முதல் கதாநாயகியை அவருடைய ரசிகர்கள் யாரும் நேரில் பார்க்கவில்லை. அவரை நேரில் பார்க்கத் தேடி வந்தவர்கள் கையில் தீப்பந்தம் இருந்தது.

காரைக்காலும் நட்சத்திரமும்

நம் ஊருக்கு வருவோம். 160 சதுர கிலோமீட்டர் அளவுள்ள இந்தச் சின்ன நிலம் 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக் கையிலிருந்து வந்தது, சட்டப்படி முழுமையாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். ஆட்சி பாண்டிச்சேரியோடு, வாழ்க்கை தஞ்சை மாவட்டத்தோடு. சினிமாவும் அப்படித்தான். எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே படம், ஒரே நடிகர்.

எம்.ஜி.ஆர். 1972 அக்டோபர் 17-இல் கட்சி தொடங்கினார். அந்தக் கட்சி முதலில் ஆட்சியைப் பிடித்த இடம் தமிழ்நாடு இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. 1974 மார்ச்சில் பாண்டிச்சேரியில் பிடித்தது. முதலமைச்சரானவர் காரைக்காலைச் சேர்ந்த எஸ். ராமசாமி. இந்தியக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்த அந்த ஆட்சி ஒரு மாதம்கூட நிற்கவில்லை என்பது வேறு கதை. ஒரு சினிமா நட்சத்திரத்தின் கட்சி ஆட்சி செய்ய முடியும் என்பதைக் கோட்டையில் காட்டுவதற்கு மூன்று வருடம் முன்பே இங்கே காட்டிவிட்டார்கள். அந்த வாக்குகளில் தரை டிக்கெட்டுக்காரர்களின் பங்கு கொஞ்சம் இல்லை.

அந்தக் காலத்தையே இன்னொரு கோணத்தில் பாருங்கள். காரைக்காலிலிருந்து பேருந்து ஏறினால் சேரக்கூடிய தூரத்தில் இருக்கிறது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973-இல் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பணக்கார மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. அதே 1973-இல்தான் 'உலகம் சுற்றும் வாலிபன்' ஊர் ஊராக ஓடியது. 'காரைக்கால் அம்மையார்' படமும் அதே வருடம்தான் வந்தது. அம்மையாராகத் தோன்றியவர் பழைய நந்தன், கே.பி. சுந்தராம்பாள்.

அந்த வருடம் கொட்டகையில் விசில் அடித்த நம் பெரியப்பா, சித்தப்பாக்களை நான் குற்றம் சொல்ல வரவில்லை. நீதிமன்றம் கொடுக்காத நியாயத்தைத் திரையில் ஒருவர் சாட்டையோடு வந்து கொடுத்தார். பார்த்தார்கள். ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பற்றி 1992-இல் எழுதிய நூலுக்குப் பிம்பச் சிறை என்று பொருள்படும் பெயர் வைத்தார். திரையில் ஏழைக்காக அடித்தவரின் ஆட்சியில் ஏழைக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்த்து, கிடைத்தது குறைவு என்றார். அந்தக் கேள்வியை நாமும் கேட்டே ஆக வேண்டும்.

ஆனால் சிறையில் இருந்தவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். 1979-இல் பாண்டிச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு எழுந்தபோது இங்கே பெரிய எதிர்ப்பு வெடித்தது. 1980 தேர்தலில் எம்.ஜி.ஆர். கட்சிக்குப் பாண்டிச்சேரிச் சட்டமன்றத்தில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு முறை ஆட்சியில் உட்கார வைத்த அதே மக்கள். அவர் படத்தை அதற்குப் பிறகும் பார்த்தார்கள், பாட்டைப் பாடினார்கள், வாக்கை மட்டும் தரவில்லை. ரசிகன் என்றால் மூளையைக் கழற்றி வைத்தவன் என்று சொல்லும் படித்தவர்களுக்கு நம் யூனியன் பிரதேசம் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டது.

நாற்காலியை இழுத்துப் போட்டவர்

இத்தனைக்கும் பிறகு அந்தத் தம்பி பார்த்த காட்சிக்கு வருகிறேன்.

நட்சத்திரத்தை நேரில் பார்ப்பது என்றால் நம் முன்னோருக்கு என்ன? திறந்த வண்டியில் ஒருவர் கையசைத்துக்கொண்டு போவார். வெயிலில் ஆறு மணி நேரம் நின்றவர்கள் ஆறு நொடி பார்ப்பார்கள். வண்டி சேரித் திருப்பத்தில் நிற்குமா, நிற்காதா என்பதே ஒரு வார்த்தை பேசப்படாத அரசியல். அது தேர் பார்ப்பது போலத்தான். தேர் எந்தத் தெருவுக்கு வரும், எந்தத் தெருவுக்கு வராது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், தலித் வரலாற்று மாதமான ஏப்ரலில் ரோஸி பெயரில் நடத்தும் விழா இந்த ஏற்பாட்டை மாற்றிப் பார்க்கிறது. படம் திரையிடுகிறார்கள். முடிந்ததும் எடுத்தவரோ நடித்தவரோ எதிரே வந்து உட்காருகிறார். பார்த்தவர் கேள்வி கேட்கிறார். உள்ளே விடப்படாத ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக்கொண்டு எல்லோரும் உள்ளே போகிறார்கள். அந்தத் தம்பி நந்தனைப் போல வாசலில் நின்று பார்க்கவில்லை. உள்ளே, நாற்காலியில், அதே உயரத்தில் உட்கார்ந்து பார்த்தான்.

நம் பிரதேசத்திலும் ஒரு வாசல் திறந்தது. பாண்டிச்சேரி அரசு ஆண்டுதோறும் இந்தியத் திரைப்பட விழா நடத்தி, சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது கொடுக்கிறது. 2018-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான அந்த விருது மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்துக்குப் போனது. அந்தப் படத்தில் கதாநாயகனின் அப்பாவாக வந்தவர் தங்கராசு. திருநெல்வேலிப் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர், பெண் வேடமிட்டு ஆடியவர். ஊர் ஊராக ஆடிய அந்த மனிதரை ஆயிரக்கணக்கானோர் நேரில் பார்த்திருப்பார்கள். நட்சத்திரம் என்று யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு படம் வந்த பிறகுதான் அவர் முகம் நாட்டுக்குத் தெரிந்தது. 2023-இல் இறந்துபோனார். ரோஸி ஆடியதும் நாட்டார் கலைதான், தங்கராசு ஆடியதும் நாட்டார் கலைதான். ஒருவரைத் திரை விரட்டியது, மற்றவரைத் திரை அடையாளம் காட்டியது. நடுவில் 90 வருடம்.

அதற்காக எல்லாம் முடிந்தது என்று கை தட்டிவிட்டுப் போக முடியாது. நெடுங்காடு தனித்தொகுதியிலிருந்து தேர்வாகி 2021-இல் அமைச்சரான சந்திர பிரியங்கா, நாற்பது வருட இடைவெளிக்குப் பிறகு பாண்டிச்சேரியில் அமைச்சரான பெண். 2023 அக்டோபரில் பதவி விலகினார். சாதி ரீதியாகவும் பெண் என்பதாலும் தான் நடத்தப்பட்ட விதத்தைக் கடிதத்தில் எழுதினார். அரசுத் தரப்பு அவர் செயல்பாட்டில் குறை சொன்னது. யார் சொன்னது சரி என்று நீங்கள் ஆராய்ந்துகொள்ளுங்கள். மேடை ஏறிய பிறகும் ஒரு தலித் பெண் அப்படி ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது என்பது மட்டும் பதிவில் இருக்கிறது. மேடையில் ஏற்றுவது ஒன்று, நிற்க விடுவது வேறொன்று.

தம்பிக்கு

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். தப்பில்லை. நீ பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. உன்னைப் பார்த்து ஒருவர் சிரித்தார், நீயும் அவர் முகத்துக்கு நேராகச் சிரித்தாய். உன் பூட்டனுக்கு ஆண்டை எதிரே வந்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த இடத்திலிருந்து இந்த நாற்காலிக்கு வந்து சேர எத்தனை பேர் செத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்துகொள்.

ஆனால் அடுத்த வருடம் போகும்போது செல்ஃபியோடு திரும்பாதே. கையைத் தூக்கு, ஒரு கேள்வி கேள். உங்கள் படத்தில் கேமராவுக்குப் பின்னால் எங்கள் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர்? கதாநாயகி வேடத்துக்கு எங்கள் பெண்களைத் தேடினீர்களா? அந்தக் கேள்விக்கு அவர் கோபப்பட்டால் அவர் திறந்த வண்டியில் கையசைக்கும் பழைய நட்சத்திரம். உட்கார்ந்து பதில் சொன்னால் நம் ஆள்.

வாசிப்பு வட்டத்தில் சிரித்த தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த விடுமுறையில் உங்கள் தெருவின் மூத்தவர்களிடம் போய் உட்காருங்கள். முதல் படம் எந்தக் கொட்டகையில் பார்த்தீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், இடைவேளையில் டீ எந்தத் தம்ளரில் குடித்தீர்கள், எந்த நடிகரை எங்கே நின்று பார்த்தீர்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஆத்தாக்களிடம் தனியாகக் கேளுங்கள், அவர்களைப் படத்துக்குப் போக விட்டார்களா என்பதிலிருந்து தொடங்குங்கள். திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு, கோட்டுச்சேரி என்று ஊருக்குப் பத்துப் பேர் கிடைத்தாலே போதும், காரைக்கால் மண்ணில் யார் யாரை எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார்கள் என்ற வரலாறு கிடைத்துவிடும். ரோஸியைப் பற்றி எழுதி வைக்க ஒருவர் இருந்தார். நம் தரை டிக்கெட்டுக்காரர்களைப் பற்றி எழுத நாம்தான் இருக்கிறோம்.

எழுதியதை எனக்கு அனுப்புங்கள். அடுத்த ஏப்ரலில் அவற்றை நம் தெருவிலேயே ஒரு திரை கட்டி, படம் ஓட்டி, நடுவில் வாசிப்போம். வாசித்தவரை முன்வரிசையில் உட்கார வைப்போம்.

ஜெய்பீம்.